சின்ன கிட்டாரை யார் தேர்ந்தெடுத்தது?

என்னிடம் இருப்பது ட்ரெட்நாட் வகை கிட்டார். காலேஜ் நாட்களில் வாங்கியது, பெரிய உடம்பு. சினிமாப் பாட்டுக்கு கார்டு வாசிக்க அது தாராளமாகப் போதும். மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் விரல் வாசிப்பைப் பழக ஆரம்பித்தபோதுதான் சிக்கல். கட்டைவிரல் மாற்றி மாற்றி அடிக்கும் பேஸ் தந்திகள் தொம் தொம்மென்று முழங்கி, மற்ற விரல்கள் எடுக்கும் மெட்டை அமுக்கிவிட்டன.

விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். "ப்ளூஸுக்குச் சின்ன உடம்பு கிட்டார்தான் சரி, அந்தக் காலத்து ஆளுங்க எல்லாம் அதைத்தானே தேர்ந்தெடுத்தாங்க" என்றார்கள். அந்த 'தேர்ந்தெடுத்தாங்க' என்ற வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். கிட்டார் வாங்கப் போனவன் சரித்திரம் படிக்க உட்கார்ந்தது இப்படித்தான்.

முதலில் அளவைப் பார்ப்போம். கிட்டாரின் கீழ்ப்பகுதி அகலத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். மார்ட்டின் கம்பெனியின் 0 அளவு 13½ அங்குலம், 00 அளவு 14-க்குச் சற்று மேலே, 000 என்றால் 15. ட்ரெட்நாட் 15⅝. இந்த ட்ரெட்நாட்டை மார்ட்டின் 1916-ல் டிட்சன் என்ற இசைக்கடைக்காகச் செய்தது. தன் சொந்தப் பெயரில் விற்க ஆரம்பித்தது 1931-ல்தான்.

இப்போது ப்ளூஸ் இசைத்தட்டுகளின் வருடங்களைப் பாருங்கள். பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் முதல் ப்ளூஸ் தட்டுகள் 1926. ஜான் ஹர்ட் 1928. சார்லி பாட்டன் 1929. அன்றைக்குக் கடையில் சாதாரணமாகக் கிடைத்த கிட்டாரே அந்த அளவுதான். அதைச் 'சின்னது' என்று சொல்வது பிற்காலத்தில் வந்த நாம். 'சின்னதுதான் ப்ளூஸ்' என்று ஒரு விதி இருந்திருந்தால், பெரிய உடம்பு 12 தந்தி ஸ்டெல்லாவோடு உட்கார்ந்த லெட் பெல்லியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அடுத்தது காசு. மிசிசிப்பி டெல்டாவில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர்கள். விதையும் சாப்பாட்டுச் சாமானும் முதலாளியின் கடையிலேயே கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பல குடும்பங்களுக்குக் கடன்தான் மிச்சம். டவுன் கடைக்குப் போனால் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை ஓரமாக நிற்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் தபால் வருகிறது. கிராமங்களுக்கு வீட்டு வாசலில் கடிதம் கொடுக்கும் திட்டம் 1896-ல் தொடங்கியது. பார்சல் தபால் 1913-ல். சிகாகோவின் சியர்ஸ் கம்பெனி தடிமனான கேட்டலாக் அனுப்பும். அதில் அச்சடித்த விலை எல்லோருக்கும் ஒன்றுதான், வாங்குபவர் என்ன நிறம் என்று கேட்காது. ஓரமாக நிற்கவும் வேண்டாம். 1916-ல் சியர்ஸ், ஹார்மனி என்ற கிட்டார் தொழிற்சாலையையே வாங்கிவிட்டது. அந்தக் கேட்டலாக்கில் மலிவான கிட்டார்கள் நிறைய. ஒரு பருத்திக்காட்டுக் கூலிக்குக் கிட்டார் என்பது மரியாதை குறையாமல் வாங்க முடிந்த பொருட்களில் ஒன்று. எனக்கு மரத்தின் ரகத்தைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது.

சரி, சத்தத்துக்கு வருவோம். ஸ்டெல்லா கிட்டார்கள் ஜெர்சி சிட்டியில் ஆஸ்கர் ஷ்மிட் கம்பெனி செய்தவை. பெரும்பாலும் பிர்ச் மர உடம்பு, மேல்பலகைக்கு உள்ளே ஏணிப்படி மாதிரி குறுக்குச் சட்டங்கள். இதை லேடர் பிரேசிங் என்பார்கள். செய்வது சுலபம், செலவு குறைவு. மார்ட்டினில் 1840-களிலிருந்தே எக்ஸ் வடிவச் சட்டம் உண்டு. அதில் நாதம் நீளும், பேஸும் நிறையும். லேடரில் சத்தம் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும், கொஞ்சம் வறட்டுத்தனமாகவும் இருக்கும். கட்டைவிரல் அடித்த பேஸ் சீக்கிரம் அடங்கிவிடுவதால் மெட்டுக்கு இடம் கிடைக்கிறது. எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் "இது பக் இல்லை சார், ஃபீச்சர்" என்று ஒரு ஜோக் உண்டு. இங்கே அது உண்மையாகவே நடந்திருக்கிறது.

ஒப்பிட நல்ல ஜோடி வேண்டுமென்றால் 1930-களின் கிப்சன் எல்-00, கலமசூ கேஜி-14 இரண்டையும் கேளுங்கள். இரண்டும் மிசிகனில் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை, இரண்டும் 14¾ அங்குலம். எல்-00-வில் எக்ஸ் சட்டம், கழுத்துக்குள் திருகக்கூடிய இரும்புக் கம்பி. மந்தக் காலத்தில் மலிவு விலைக்காகக் கொண்டுவந்த கலமசூவில் லேடர் சட்டம், கம்பி கிடையாது. அளவு ஒன்றாக இருப்பதால், சட்டம் மட்டும் சத்தத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பது காதுக்குத் தெரியும். எல்-00 உருண்டையாகப் பேசும். கலமசூ குரைக்கும்.

அப்படியென்றால் ராபர்ட் ஜான்சன்? மெம்பிஸின் ஹூக்ஸ் பிரதர்ஸ் ஸ்டூடியோவில் கோட்டு, தொப்பியுடன் அவர் எடுத்துக்கொண்ட படத்தில் இருப்பது கிப்சன் எல்-1. 1990-ல் வந்த முழுத் தொகுப்பின் அட்டையில் அந்தப் படம் வந்ததும், எல்-1 'ப்ளூஸ் கிட்டார்' ஆகிவிட்டது. அவர் பெயர் போட்ட மாடலும் பின்னால் வந்தது. ஆனால் போட்டோ பூத்தில் எடுத்த இன்னொரு படத்தில் கையில் இருப்பது வேறு கிட்டார். அவருடைய 29 பாட்டுகளும் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலும் பதிவானவை. மெம்பிஸ் ஸ்டூடியோ படம் அந்தப் பதிவுகளுக்குச் சாட்சி ஆகாது.

தேர்ந்தெடுக்க வசதி வந்தபோது இவர்கள் என்ன செய்தார்கள்? டாம்பா ரெட் 1928-லேயே, சத்தம் அதிகம் வரும் நேஷனல் உலோகக் கிட்டாரை வாங்கினார். மடி வாட்டர்ஸின் முதல் கிட்டார் இரண்டரை டாலர் ஸ்டெல்லா. 1943-ல் சிகாகோ போனார். கூச்சல் நிறைந்த பார்களில் வாசிப்பு கேட்க வேண்டுமே, சில வருடங்களிலேயே எலெக்ட்ரிக்குக்கு மாறினார். 1963-ல் ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது ஜான் ஹர்ட்டிடம் சொந்தமாகக் கிட்டாரே இல்லை, மாட்டுப்பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தார். பிறகு அவர் வாசித்த கில்ட் எஃப்-30, இந்தச் சின்ன கிட்டார்களைவிடப் பெரியது. வாசிப்பு அதே வாசிப்புதான்.

ஆகவே, சின்ன உடம்பு விரல் வாசிப்புக்கு நல்லது என்பது சரி. முன்னோர்கள் ரசனையோடு பொறுக்கி எடுத்தார்கள் என்பதுதான் தப்பு. கிடைத்ததை வாங்கினார்கள், அதற்கேற்ப விரலைப் பழக்கினார்கள். 'தேர்ந்தெடுத்தாங்க' என்று நாம் சொல்லும்போது அவர்களுடைய ஏழ்மை நம்முடைய ரசனையாகிவிடுகிறது. அந்த உழைப்பும் கணக்கில் வராமல் போகிறது.

என் ட்ரெட்நாட்டுக்கு ஒரு வழி கிடைத்தது. வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜ் பக்கம் பேஸ் தந்திகள்மேல் லேசாக வைத்து வாசித்தால் முழக்கம் பாதியாகக் குறைகிறது. செலவு ஒன்றுமில்லை, பழகத்தான் இரண்டு மாதம் ஆனது. சின்ன கிட்டார் ஆசை இன்னும் போகவில்லை. வாங்கினால் லேடர் சட்டம் போட்ட சாதாரணக் கிட்டார் ஒன்று வாங்குவேன். போட்டோவில் இருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுப்பதாக இல்லை.