மட்டாஞ்சேரியில் கிடைத்த ஃபார்ஸ்டர்

கேரளத்தின் மட்டாஞ்சேரி யூதத் தெருவில், பழம்பொருள் கடைகளுக்கு நடுவே ஒரு பழைய புத்தக அடுக்கில் அது கிடைத்தது: இ. எம். ஃபார்ஸ்டரின் 'ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் தி நாவல்'. தாளில் காயல் ஈரமும் சுக்கு வாடையும் ஏறியிருந்தன. கதைமாந்தர்களைப் பற்றிய இரண்டு அத்தியாயங்களில் யாரோ வரிக்கு வரி பென்சில் கோடு போட்டிருந்தார். மற்றப் பக்கங்கள் தொடாதவை.

நாவல் எழுதக் கற்றுத்தரும் புத்தகம் என்ற ஒன்று இங்கே வந்து சேர்ந்த வழி நீளமானது. 1884 ஏப்ரல் 25 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் நாவலாசிரியர் வால்டர் பெசன்ட் பேசினார். ஓவியம், இசை போலக் கதையும் ஒரு கலை, அதற்கு விதிகள் உண்டு, அவற்றைக் கற்பிக்கலாம் என்றார். குறிப்பேடு வைத்துக்கொள்ளவும் சொன்னார். (நம் அடையாறு அன்னி பெசன்டின் கணவருக்கு இவர் அண்ணன்.) அதே ஆண்டு செப்டம்பரில் ஹென்றி ஜேம்ஸ் மறுத்து எழுதினார்: கதை சுவாரசியமாக இருந்தால் போதும், முன்கூட்டி விதி போடக் கூடாது. 1921இல் பெர்சி லபக் ஜேம்ஸின் வழியையே விதியாக்கினார். யார் கண்ணில் கதை விரிகிறது என்பதே எல்லாம் என்றார். 1927இல் கேம்பிரிட்ஜில் ஆற்றி, இந்த நூலாக வந்த சொற்பொழிவுகளில் ஃபார்ஸ்டர் அதை ஏற்கவில்லை. அவருக்குக் கோணத்தைவிட மனிதர்கள் முக்கியம். தட்டையான பாத்திரம், முழுமையான பாத்திரம் என்று நாம் இன்று பேசுவது அங்கிருந்து வந்ததுதான்.

ஃபார்ஸ்டரின் நூல் வந்து மூன்றே ஆண்டில், 1930இல், விமர்சகர் எம். பி. பால் மலையாளத்தில் 'நாவல் சாகித்யம்' எழுதினார். 1932இல் சிறுகதை பற்றி இன்னொன்று. இந்த இடத்தில்தான் எனக்கு இந்தப் பயணம் உயிர்பெறுகிறது. 1944இல் வைக்கம் முகம்மது பஷீரின் 'பால்யகாலசகி' வந்தது. பஷீர் அதை முதலில் ஆங்கிலத்தில் தொடங்கி, பிறகு மலையாளத்தில் மாற்றி எழுதினார். பேச்சுமொழி, சின்ன நாவல். எந்தப் பாடநூலின் அளவுக்கும் அது அடங்காது. அதற்கு முன்னுரை எழுதி வாசகர் முன் நிறுத்தியவர் பால். ஐரோப்பிய நாவலை எல்லாம் அலசிய மனிதருக்கு அந்த மெலிந்த புத்தகத்தின் பெருமை தெரிந்தது. இத்தகைய நூல்கள் எழுத்தாளனை உண்டாக்குவதைவிடப் புதியதை அடையாளம் காணும் வாசகனை உண்டாக்குகின்றன என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். மட்டாஞ்சேரிக்குக் காயலின் அக்கரையில், எறணாகுளத்தில், பஷீர் பின்னாளில் புத்தகக் கடை வைத்திருந்தார்.

1963இல் எம். டி. வாசுதேவன் நாயர் இதே துறையில் எழுதிய நூலின் பெயர் 'காதிகன்றெ பணிப்புர'. கதை எழுதுபவனின் பட்டறை என்று பொருள். சொற்பொழிவு மேடையில் பிறந்த ஒரு நூல்வகை, கேரளத்தில் ஒரு நாவலாசிரியரின் வேலைக்கூடத்துக்கு இறங்கி வந்துவிட்டது. இந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். பட்டறையில் கருவிகள் கிடக்கும். எதை எடுப்பது என்பது கையிலிருக்கும் மரத்தைப் பொறுத்தது.

இருபத்தைந்து வயதில் நான் இத்தகைய புத்தகங்களைத் தேடித்தேடிப் படித்தேன். படித்த இரண்டு ஆண்டுகளில் ஒரு கதையும் முடிக்கவில்லை. பிறகு ஒன்றை எப்படியோ எழுதி முடித்துவிட்டு ஃபார்ஸ்டரைத் திறந்தபோது, என் கதையில் அம்மா பாத்திரம் ஒரே ஒரு குணத்தோடு நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. திருத்தினேன்.

எழுத வரும் நண்பர்களே, முதல் படியை எழுதி முடியுங்கள். இந்தப் புத்தகங்களைத் திருத்தும் நாளில் எடுங்கள்.