ஒரு பாலம், இரண்டு வரலாறு

வேலை தேடி ஓசூருக்கு வந்திருக்கும் தென்மாவட்டத் தோழர்களுக்கு நெல்லையின் சுலோச்சன முதலியார் பாலத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதன் வரலாற்றில் பாதியை மட்டுமே நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். மீதியையும் சேர்த்துப் படிப்போம்.

1840களுக்கு முன் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணியைப் படகில்தான் கடக்க வேண்டும். படகுத்துறையில் நடந்த கலவரத்தில் உயிர்கள் போன பிறகு, ஆட்சியர் தாம்சன் பாலம் கட்ட முடிவு செய்தார். ஆட்சியர் அலுவலக சிரஸ்தார் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். கேப்டன் ஹார்ஸ்லி வடிவமைத்தார். 1843 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது.

நீளம் 760 அடி. 60 அடி அகலத்தில் 11 வளைவுகள். மேலே வரும் பாரத்தை வளைவுகள் பக்கவாட்டில் தள்ளித் தூண்களில் இறக்குகின்றன. லண்டன் வாட்டர்லூ பாலம்தான் இதற்கு மாதிரி. அந்த மாதிரியை 1930களில் இடித்துவிட்டார்கள். நெல்லைப் பாலம் இன்றும் நிற்கிறது.

கொடையாளர் பெயர் பாலத்துக்கு வந்தது, பொறியாளர் பெயர் ஏட்டில் ஏறியது. கட்டுமானத்தில் சிறைக் கைதிகளும் உழைத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் மக்கள் நினைவில் இல்லை. கல் சுமந்தவர்களை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் புகழ்வது நம் நாட்டில் பழைய வழக்கம்.

இரண்டாவது வரலாறு 1999 ஜூலை 23 அன்று நடந்தது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள், கூலி உயர்வும் சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் கேட்டு ஊர்வலமாக வந்தார்கள். பாலத்துக்கு அருகே, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் முன்பு போலீஸ் தடியடி நடத்தி மக்களை ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. விசாரித்த நீதிபதி மோகன் ஆணையம் காவல்துறையைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை.

ஆற்றைக் கடக்க வந்த மக்கள் சாகக் கூடாது என்பதற்காகக் கட்டப்பட்டது இந்தப் பாலம். அதன் பக்கத்திலேயே, மனு கொடுக்க வந்த மக்கள் அரசின் கையால் ஆற்றில் செத்தார்கள். கூலி கேட்பது சட்டம் தந்த உரிமை. அதைத் தலித் தொழிலாளி கேட்கும்போது மட்டும் ஏன் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆகிறது? ஒப்பந்தக் கூலிகள் நிறைந்த நமது சிப்காட் வாசல்களிலும் இந்தக் கேள்வி நிற்கிறது.

ஒவ்வொரு ஜூலை 23 அன்றும் தாமிரபரணியில் மலர் தூவப்படுகிறது. மாணவத் தோழர்களே, அந்த நாளில் உங்கள் விடுதியிலும் தெருவிலும் 17 பேரின் பெயர்களையும் தேடி எடுத்து, சத்தமாக வாசியுங்கள்.