அம்ப்ராக்சால்: பக்கவிளைவுகள்

அம்ப்ராக்சால் என்பது கெட்டிச் சளியை இளக்கி வெளியேற்ற உதவும் மருந்து. மாத்திரையாகவும் சிரப்பாகவும் உட்கொள்ளப்படுகிறது. ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் ஆல்கலாய்டை முன்மாதிரியாகக் கொண்டு உருவான புரோம்ஹெக்சின், உடலில் மாற்றமடையும்போது கிடைக்கும் சேர்மமே இது.

பக்கவிளைவுகளில் குமட்டல் முதன்மையானது. வாந்தி, வயிற்றுப்போக்கு, செரியாமை, வாய் உலர்தல் ஆகியன அதைவிடக் குறைவு. சிரப்பைக் குடித்ததும் நாக்கும் தொண்டையும் மரத்துப்போவதுண்டு, சுவையும் மாறலாம். நரம்புகளின் சோடியம் வாய்க்கால்களை இம்மருந்து அடைப்பதே மரத்துப்போதலுக்குக் காரணம். தொண்டைவலிக்குச் சப்பும் வில்லைகளில் இதே தன்மைதான் மருந்தாகப் பயன்படுகிறது.

கடும் ஒவ்வாமை அரிது. அது ஏற்பட்டால் முகமும் உதடும் வீங்கி மூச்சுத் திணறும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்த்தொகுப்பு போன்ற கடுமையான தோல் பாதிப்புகளும் பதிவாகியுள்ளன. இவை காய்ச்சல், உடல்வலி, தொண்டைவலி எனச் சளிக்காய்ச்சலைப் போலவே தொடங்குவதால் தொடக்கத்தில் பிடிபடாமல் போகலாம். கொப்புளத்துடன் தடிப்போ வாய்ப்புண்ணோ தோன்றினால் மருந்தை உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். ஐரோப்பிய மருந்து முகமை 2015இல் முடித்த மறுஆய்வுக்குப் பின், ஒவ்வாமை, தோல் பாதிப்பு ஆகிய இவ்விரு அபாயங்களும் அங்கு மருந்துக் குறிப்பில் சேர்க்கப்பட்டன.

இந்தியக் கடைகளில் கிடைக்கும் அம்ப்ராக்சால் கூட்டுச் சிரப்புகள் பலவற்றில், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகளான சால்பூட்டமால் அல்லது டெர்பூட்டலின் கலந்திருக்கும். இத்தகைய சிரப்பைக் குடித்தபின் ஏற்படும் கைநடுக்கமும் படபடப்பும் பெரும்பாலும் அம்மருந்துகளால் வருபவை.