சென்னையில் ஒலித்து ஓய்ந்த முதல் வானொலி

சென்னை வானொலி என்றவுடன், அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டு யூன் 16ஆந் திகதி தொடங்கப்பெற்றதையே பலரும் நினைவுகூர்வர். ஆயின், அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே அந்நகரின் வானில் இசையும் உரையும் எழுந்துவிட்டன. அவற்றை எழுப்பிய நிலையம் இன்று இல்லை.

பம்பாயிலும் கல்கத்தாவிலும் வானொலிக் கழகங்கள் 1923இலேயே ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தன. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முன்னின்று, 1924 மே 16ஆந் திகதி சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார். யூலை 31ஆந் திகதி ஒலிபரப்புத் தொடங்கிற்று. முதலில் அமைந்த ஒலிபரப்பியின் ஆற்றல் 40 வாட்; வீட்டு மின்விளக்கொன்றுக்கு வேண்டிய அளவே அது. பின்னர் 200 வாட் கருவி கிடைத்தது. மாலைதோறும் இரண்டரை மணி நேரம் இசையும் பேச்சும் ஒலித்தன.

அது அரசினர் நிலையமன்று. ஆர்வலர்கள் தாமே கூடி நடத்தியது. ஆர்வத்துக்குக் குறைவில்லை, பணத்துக்கே குறைவு. வானொலிப் பெட்டி அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பொருள். பெட்டி வாங்குவோர் சிலர். ஆதலால் நிலையத்தைத் தாங்குவோரும் சிலரே. 1927 ஒக்டோபரில் கழகம் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. கொழும்பிலோ, 1925 டிசெம்பர் 16ஆந் திகதி தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட் தொடக்கிவைத்த ஒலிபரப்பு, தந்தித் திணைக்களத்தின் பொறுப்பில் நின்றமையால் தொடர்ந்து நடந்தது.

கழகம் மறைந்தாலும் கருவி மறையவில்லை. அங்கத்தவர்கள் அதனைச் சென்னை மாநகராட்சிக்கு நன்கொடையாக வழங்கினர். மாநகராட்சி 1930 ஏப்பிரல் 1ஆந் திகதி முதல் ஒழுங்கான ஒலிபரப்பை நடத்தலாயிற்று. பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையம் நடத்திய இந்திய ஒலிபரப்புக் கம்பெனி, நட்டத்தினால் அதற்கு முந்திய மாதந்தான் கலைக்கப்பட்டிருந்தது. இலாபம் நாடிய கம்பெனி தளர்ந்த வேளையில், வீதிக்கும் விளக்குக்கும் பொறுப்பான ஒரு நகராட்சி வானொலியையும் தன் கடமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இம்மாற்றத்தால் கேட்போரும் மாறினர். மாநகராட்சி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை அமைத்தது. பெட்டி வாங்க வகையற்றோரும் மாலைக் காற்று வாங்கியவாறே பாட்டுக் கேட்டனர். மாநகராட்சிப் பள்ளிச் சிறுவர்க்கெனக் கதைகளும் இசைப்பாடங்களும் ஒலிபரப்பப்பட்டன. மாதம் ஒருமுறை மேலைநாட்டு இசையும் இடம்பெற்றது. சிலர் வீட்டு வாயிலுக்குள் அடங்கியிருந்த வானொலி இவ்வாறு பொதுச்சொத்தாயிற்று.

1938இல் அகில இந்திய வானொலி வந்தபோது மாநகராட்சியின் பணி நிறைவெய்தியது. ஆயினும், வானொலி கேட்டுப் பழகிய ஒரு நகரத்தை அச்சிறு நிலையம் புதியதற்கு விட்டுச் சென்றது.

நேயர்களே, ஒரே நகரில், ஒரு கழகத்தின் கையில் மூன்று ஆண்டுகளே நிலைத்த வானொலி, மாநகராட்சியின் கையில் எட்டு ஆண்டுகள் ஒலித்தது. ஒலிபரப்பின் ஆயுளை வாட் கணக்கு மட்டும் அறுதியிடுவதில்லை. அதன் செலவை யார் ஏற்கின்றனர், அதன் பயன் யாரைச் சென்றடைகின்றது என்பனவே அறுதியிடுகின்றன. சென்னையின் அம்முதல் நிலையம் நமக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.