பெண் பெயர் சூடிய புயல்கள்

1953இல் அமெரிக்க வானிலைத் துறை அட்லாண்டிக் சூறாவளிகளுக்குப் பெண் பெயர்களை மட்டுமே சூட்டத் தொடங்கியது. நாளேடுகளுக்குக் கொண்டாட்டம்தான். புயல் கரையோடு சரசமாடியது, மனம் மாறியது, சீறினாள் என்றெல்லாம் எழுதினார்கள். கரையிலிருந்தவர்களுக்கு வேண்டியிருந்ததோ காற்றின் வேகமும் கடல் ஏறும் உயரமும்.

ஃபுளோரிடாவின் பெண்ணியச் செயற்பாட்டாளர் ராக்ஸி போல்டன் இதை எதிர்த்தார். தம் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதை விரும்பும் செனட்டர்களின் பெயரை வைக்கலாமே என்றார். (எனக்கு இன்றும் பிடித்த யோசனை.) 1979இல் ஆண் பெயர்களும் சேர்ந்தன.

2014இல் இலினாய் பல்கலைக்கழக ஆய்வொன்று, பெண் பெயர்ப் புயலுக்கு மக்கள் அஞ்சுவதில்லை, அதனால் சாவு அதிகம் என்றது. நம் பக்கம் பேசும் ஆய்வுதான். ஆனாலும் நான் ஏற்கவில்லை. 1979க்கு முந்தைய, பெண் பெயர் மட்டுமே இருந்த ஆண்டுகளையும் அது கணக்கில் சேர்த்திருந்தது. முன்னறிவிப்பு வளராத அக்காலத்தில் எந்தப் பெயரானாலும் சாவு மிகுதி. 1969இல் கமீல் மிசிசிப்பி கரையில் கடலை 7 மீட்டருக்கு மேல் ஏற்றியபோது, 1947 புயலைத் தாங்கிய வீடு இதையும் தாங்கும் என்று தங்கியவர்கள் உண்டு. அவர்களை ஏமாற்றியது பெயரல்ல, அனுபவம்.

அஞ்சியவர்களாவது போக முடிந்ததா? 2005இல் கத்ரீனா நெருங்கியபோது நியூ ஆர்லியன்ஸில் வெளியேறும் உத்தரவு இருந்தது. கார் இல்லாத பல்லாயிரம் பேரை ஊரைவிட்டு ஏற்றிச்செல்லப் பேருந்து வரவில்லை.