அம்மணியின் ரப்பர் ஸ்டாம்ப்

ஒரு ரப்பர் ஸ்டாம்ப். 'வாங்குவதற்கு நிபுணர் சிபாரிசு இல்லை' என்கிற அர்த்தத்தில் அதிலே ஒரு வரி. பாங்க்கில், தாலுகா ஆபீஸில் எத்தனையோ ஸ்டாம்ப் பார்த்திருப்பீர்கள். பி.காம். படித்த பாவத்துக்கு நானும் கொஞ்சம் குத்தியிருக்கிறேன். ஆனால் இது வேறு ஜாதி. அமெரிக்கக் குழந்தைகள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று தீர்ப்பு எழுதிய ஸ்டாம்ப். கையில் வைத்திருந்தவர் பெயர் ஆன் கரோல் மூர். நியூ யார்க் பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்குத் தலைவி.

உடனே அம்மணியை வில்லியாக்கிவிடாதீர்கள். நல்லவர். அதுதான் இந்தக் கதையில் சிக்கலே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் பொடிசுகளுக்கு அனுமதி கிடையாது. 12 வயது, 14 வயது என்று ஊருக்கு ஒரு கணக்கு. அதுவரைக்கும் வாசலோடு சரி. பிள்ளைகள் வந்தால் சத்தம் போடும், புத்தகத்தைக் கிழிக்கும், அழுக்குக் கையால் தொடும். அதற்கு மேல் காரணம் வேண்டுமா என்ன?

1896-ல் புரூக்ளினில் உள்ள பிராட் நூலகத்தில் மூர் வேலைக்குச் சேர்ந்தார். குழந்தைகளுக்கென்றே தனி அறை. சின்ன நாற்காலி, சின்ன மேஜை, கை எட்டும் உயரத்தில் பூட்டில்லாத அலமாரி, கதை சொல்லும் நேரம். இன்றைக்கு ஊரில் எந்த நூலகத்துக் குழந்தைகள் பகுதிக்குப் போனாலும் நீங்கள் பார்க்கிற அத்தனையும் அன்றைக்கு அதிசயம். 1906-ல் நியூ யார்க் பொது நூலகம் அவரை அழைத்துக்கொண்டது. வயது வரம்பெல்லாம் கடாசப்பட்டது. ஒரு பெரிய நோட்டு இருக்கும். புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன், நூலக விதிகளை மதிப்பேன் என்று உறுதி சொல்லி, குழந்தை அதில் தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான், உறுப்பினர். கப்பலில் வந்து இறங்கிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, தன் பெயரை எழுதினால் ஒரு கதவு திறக்கும் என்பது எவ்வளவு பெரிய சமாசாரம்! 1913-ல் நியூ யார்க் கிளை நூலகங்களிலிருந்து வீட்டுக்குப் போன புத்தகங்களில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைப் புத்தகம்.

கதவைத் திறந்தாகிவிட்டது. உள்ளே எதை வைப்பது?

காலணா சாகசக் கதைகளும் மட்டமான தொடர்களும் குவிந்து கிடந்த காலம். யாராவது பொறுக்கித்தான் ஆக வேண்டும். மூர் பொறுக்கினார். வருடா வருடம் பட்டியல் போட்டார். 1918-லிருந்து பத்திரிகையில் குழந்தைப் புத்தகங்களுக்கு விமரிசனம் எழுதினார். அதற்கு முன்னால் இந்தச் சரக்கையெல்லாம் மெனக்கெட்டு விமரிசனம் செய்ய ஆளே இல்லை என்று சொல்லலாம். 1922-ல் நியூபெரி மெடல் வந்தது. சிறந்த குழந்தைப் புத்தகத்துக்கு வருடம் ஒரு பரிசு. (அந்த நியூபெரி, 1744-ல் லண்டனில் குழந்தைப் புத்தகம் போட்டு, பையன்களுக்குப் பந்து, பெண்களுக்கு ஊசி குத்தும் மெத்தை என்று இலவச இணைப்பு கொடுத்து விற்ற கெட்டிக்கார வியாபாரி. புத்தகம் 6 பென்ஸ், இணைப்போடு 8 பென்ஸ். எனவே துல்லியமாக இலவசம் இல்லை.)

வியாபாரம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்போது குழந்தைப் புத்தகங்களை மொத்தமாக வாங்குகிற பெரிய கை நூலகங்கள்தான். நியூ யார்க் வாங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற ஊர்க்காரர்கள் பர்ஸைத் திறப்பார்கள். நியூ யார்க் என்றால் மூர். ஆகவே பதிப்பாளர்கள் அச்சுக்குப் போகும் முன்னாலேயே 42-ம் தெருவுக்கு வந்து, அம்மணி முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தார்கள். அவரிடம் நிக்கோலஸ் என்று ஒரு மரப்பொம்மை உண்டு. கூட்டங்களுக்குத் தூக்கிக்கொண்டு வருவார். அதனோடு பேசவும் பேசுவார். வந்தவர்கள் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சிரித்தால் ஸ்டாம்ப்.

அவர் ரசனை மோசமில்லை. பீட்ரிக்ஸ் பாட்டரின் முயல் கதைகள், தேவதைக் கதைகள், ஒரே ஒரு ஊரிலே வகையறா. குழந்தைப் பருவம் என்பது வேலி போட்ட ஒரு நந்தவனம். அதற்குள் ஆபாசம், அசிங்கம் மட்டுமல்ல, குழாய்த் தண்ணீரும் டிராமும்கூட வரக் கூடாது. அதே நியூ யார்க்கில் லூசி ஸ்பிரேக் மிட்சல் என்று ஒரு கல்வியாளர் நேர் எதிராக நின்றார். சின்னக் குழந்தைக்கு அதிசயம் எங்கோ தேவலோகத்தில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் அறையில்தான் இருக்கிறது என்றார். குழந்தைகள் பேசுவதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு 1921-ல் ஒரு கதைப் புத்தகமே போட்டார். மூருக்குப் பிடிக்கவில்லை. ம்ஹும், கொஞ்சம்கூட.

1941-ல் எழுபது வயதில் அம்மணி ரிடையர் ஆனார். சும்மா பேருக்கு. நூலகக் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்தார். கூட்டம் நடக்கும் இடத்தை மாற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் ஆஜர்!

இந்தச் சமயத்தில் ஈ.பி. ஒயிட் ஒரு கதை எழுதி முடித்தார். நியூ யார்க்கில் மனிதக் குடும்பம் ஒன்றில் எலி மாதிரி ஒரு பிள்ளை பிறக்கிறது. பெயர் ஸ்டூவர்ட் லிட்டில். வேடிக்கை என்னவென்றால், குழந்தைகளுக்கு எழுதுங்கள் என்று ஒயிட்டைப் பல வருடங்களாகத் தூண்டியவரே மூர்தான். 1945-ல் அச்சுப் பிரதி அவர் கைக்குப் போனது. அதிர்ந்துபோனார். நிஜத்தையும் கற்பனையையும் போட்டுக் குழப்பியிருக்கிறது, வெளியிடாதீர்கள் என்று ஒயிட்டின் மனைவி கேத்தரினுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினார். ஒயிட் மசியவில்லை. புத்தகம் வந்தது, குழந்தைகள் கொண்டாடினார்கள். 1952-ல் அவர் எழுதிய 'ஷார்லட்ஸ் வெப்' பற்றியும் மூருக்குத் திருப்தியில்லை. அடுத்த வருடம் நியூபெரி மெடல் 'சீக்ரெட் ஆஃப் தி ஆண்டீஸ்' என்ற நாவலுக்குப் போனது. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நானும் இந்தக் கட்டுரைக்காகத் தேடும்வரை கேள்விப்பட்டதில்லை.

ஒயிட் பெரிய கை, தாக்குப் பிடித்தார். மார்கரெட் ஒய்ஸ் பிரவுன் கதை வேறு. மிட்சலின் பள்ளியில் உருவானவர். 1947-ல் 'குட்நைட் மூன்' எழுதினார். படம் போட்டவர் கிளெமென்ட் ஹர்ட். ஒரு முயல் குட்டி தூங்கும் முன்னால் அறையில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் குட்நைட் சொல்கிறது. அவ்வளவுதான் கதை. மூருக்கு ஆகவில்லை. எனவே நியூ யார்க் பொது நூலகம் அதை வாங்கவில்லை. எத்தனை நாள் என்கிறீர்கள்? 1972 வரைக்கும். 25 வருடம்!

கணக்கைப் பாருங்கள். 1953-ல் அந்தப் புத்தகம் வருடத்துக்குச் சுமார் 1,500 பிரதிதான் விற்றது. 1970-ல் கிட்டத்தட்ட 20,000. இடையில் விளம்பரம் செய்தவர்கள் யார்? அம்மாக்கள். ராத்திரி இதைப் படித்தால் பிள்ளை தூங்குகிறது என்று ஒருத்தி அடுத்தவளிடம் சொன்னாள். பிரவுன் இதைப் பார்க்கவில்லை. 1952-ல் பிரான்ஸில் 42 வயதில் இறந்துவிட்டார். பெரிதாக மதிப்பில்லை என்று அப்போது நினைக்கப்பட்ட அந்தப் புத்தகத்தின் ராயல்டியைப் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவனுக்கு எழுதி வைத்திருந்தார். பின்னாளில் லட்சக்கணக்கான டாலர்கள் கொட்டின.

பட்டியலே தப்பு என்று சொல்ல வரவில்லை. அதே நூலகத்தில் 1937-ல் ஹார்லெம் கிளைக்கு அகஸ்டா பேக்கர் என்ற கறுப்பினப் பெண் குழந்தைகள் நூலகராக வந்தார். அலமாரியைத் துழாவினார். கறுப்புக் குழந்தை வரும் புத்தகங்களில் முக்கால்வாசி, அந்தக் குழந்தையைக் கோமாளியாக்கிச் சிரித்தன. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கும் ஹார்லெம் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? பேக்கரும் பொறுக்கினார், கறாராகத்தான் பொறுக்கினார். நல்லதாகத் தேறியதை 1939-லிருந்து தனித் தொகுப்பாகச் சேர்த்தார், பட்டியல் போட்டார், இல்லாததை எழுதச் சொல்லிப் பதிப்பாளர்களைத் துளைத்தார். மூர் வெளியே தள்ளப் பட்டியல் போட்டார் என்றால் இவர் உள்ளே கொண்டுவரப் போட்டார். 1961-ல் நியூ யார்க் நூலகத்தின் மொத்தக் குழந்தைகள் சேவைக்கும் தலைமைப் பொறுப்பு பேக்கரிடம் வந்தது. மூர் காலமானதும் அதே வருடம்தான்.

2020 ஜனவரியில் நியூ யார்க் பொது நூலகம் தன் 125-ம் ஆண்டை ஒட்டி ஒரு பட்டியல் வெளியிட்டது. இதுவரை அதிகம் இரவல் போன பத்துப் புத்தகங்கள். முதலிடம் எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே', 4,85,583 தடவை. பனியில் விளையாடும் ஒரு கறுப்புப் பையனின் கதை அது. 'ஷார்லட்ஸ் வெப்' 3,37,948 தடவை, ஆறாமிடம். 'குட்நைட் மூன்' பத்துக்குள் இல்லை. அதற்கு மட்டும் பட்டியலுக்குக் கீழே தனியாக ஒரு குறிப்பு போட்டிருந்தார்கள். எங்கள் பழைய நூலகர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை, அதனால் 1972 வரை நாங்கள் வாங்கவில்லை, இல்லையென்றால் இதுவும் மேலே இருந்திருக்கும் என்று.