ஆண்ட்ராய்டா, ஐபோனா? வழியில் ஸ்ரீபெரும்புதூர்

"தம்பி, ஆண்ட்ராய்டா, ஐபோனா?"

போளூரில் ஒரு மொபைல் கடையில் கேட்ட கேள்வி. என் கையில் இருந்தது பன்னிரண்டாயிரம். அதற்கு ஐபோனின் கண்ணாடி கூட வராது. சும்மா மரியாதைக்குக் கேட்டிருப்பார் :-) இத்தனை நாள் அப்பாவின் பழைய போனில் ஓட்டியவனுக்கு இதுதான் முதல் சொந்த ஸ்மார்ட்போன். "யோசிச்சு சொல்றேண்ணே" என்று சந்தவாசலுக்கு பஸ் ஏறிவிட்டேன். அன்று ராத்திரி இந்த ஆபரேட்டிங் சிஸ்டம் சமாச்சாரத்தைத் தோண்டப் போய், கடைசியில் வந்து நின்ற இடம் ஸ்ரீபெரும்புதூர்!

அங்கே 2006-ல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சாதாரண பட்டன் போன்கள்தான் அதிகம். சுற்று மாவட்டங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போனார்கள். உச்சத்தில் நிரந்தர ஊழியர்கள் மட்டும் 8,000 பேர் வரை.

அப்போது நோக்கியாதான் ராஜா. 2007-ல் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் ஏறக்குறைய பாதி அவர்களுடையது. உள்ளே ஓடியது சிம்பியன். பட்டன்களுக்காகப் பிறந்த சிஸ்டம் அது. அதே 2007-ல் ஐபோன் வந்தது, 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன். விரலால் தொடும் திரைக்கு சிம்பியனை வளைக்கப் பார்த்தார்கள், ஒழுங்காக வளையவில்லை.

2011 பிப்ரவரியில் நோக்கியாவும் கடைக்காரர் கேட்ட மாதிரி ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. தலைவர் ஸ்டீபன் ஈலாப், மைக்ரோசாப்டிலிருந்து வந்தவர். ஆண்ட்ராய்டுக்குப் போனால் பத்தோடு பதினொன்று ஆகிவிடுவோம் என்று பயந்து விண்டோஸ் போனைத் தேர்ந்தெடுத்தார். போன் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாங்க ஆள் இல்லாததால் ஆப் செய்பவர்கள் வரவில்லை, ஆப் இல்லாததால் வாங்க ஆள் வரவில்லை. யூடியூபுக்குக் கூட கூகுள் அதில் ஒழுங்கான ஆப் தரவில்லை. போதாக்குறைக்கு, விண்டோஸ் போன் 7 வாங்கியவர்களுக்கு 2012-ல் வந்த 8-க்கு மாற வழியே இல்லை. காசு கொடுத்து வாங்கியவன் வயிறு எரியுமா, எரியாதா?

இனி வருவது பி.காம். பசங்களுக்குப் பிடித்த இடம்... டி.டி.எஸ்! போனில் ஏற்றும் மென்பொருளுக்காக இந்தியக் கிளை, ஃபின்லாந்துத் தாய்க் கம்பெனிக்குப் பணம் கட்டி வந்தது. அது ராயல்டி, அதில் டி.டி.எஸ். பிடிக்கவில்லை என்று 2013-ல் வருமான வரித்துறை சுமார் 2,080 கோடி ரூபாய் கேட்டது. நோக்கியா மறுத்தது. மாநில அரசு வேறு 2014-ல் 2,400 கோடி கேட்டது. வழக்கில் ஆலை முடங்கியது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டு வாங்கியது. ஐயாயிரம் பேருக்கு மேல் விருப்ப ஓய்வு. பலருக்கு வயது முப்பது கூட ஆகவில்லை, அதற்குப் பெயர் ஓய்வாம்! 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது.

மூடியது வரியா, விண்டோஸா? வரி என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். நோக்கியா போன்கள் அமோகமாக விற்றுக்கொண்டிருந்தால் தொழிலையே விற்றிருக்க மாட்டார்கள், ஆலையும் தனியாக அனாதையாகியிருக்காது. மத்திய வரி வழக்கு 2018-ல் சுமார் 20 கோடி யூரோவுக்கு முடிந்தது. அதற்குள் அந்தப் பெண்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள்.

2019-ல் அந்த ஆலையை வாங்குவதாக அறிவித்தது சால்காம்ப், சார்ஜர் செய்யும் கம்பெனி. அந்த ஆண்டிலேயே பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகத் தொடங்கியது.

மறுநாள் அதே கடைக்குப் போனேன். ஆண்ட்ராய்டுதான். ஆனால் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கவில்லை. "அண்ணே, இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அது தெரியலப்பா. சார்ஜர் மட்டும் பெட்டியில வராது, தனியா வாங்கணும்" என்றார்.